பொதுவானதைக் கழிக்கும் இயந்திரம்

சென்னியப்பனின் வலது கையை என் மடிமேல் விரித்திருந்த வெள்ளைத் துணியில் வைத்து, உள்ளங்கையை மேலே திருப்பினேன். எழுபது வயதுக்கு மெத்தென்ற கை. நகங்களை ஒழுங்காக வெட்டியிருந்தான். மோதிரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தான். ஒன்பது வருடமாக இந்தக் கையை நினைத்துக்கொண்டே தூங்கியிருக்கிறேன், நினைத்துக்கொண்டே எழுந்திருக்கிறேன். காதலிக்கிறவர்கள்கூட இவ்வளவு உண்மையாக ஒருத்தரை நினைப்பார்களா என்பது சந்தேகம்தான்.

"சில்லுனு இருக்குதே அம்மணி. என்னது, ஸ்பிரிட்டா?"

"ஆமாங்கய்யா. கை சுத்தமா இருந்தாத்தானுங்க மெஷினு சரியாச் சொல்லும்."

வாயில்தான் ஐயா. மனசுக்குள்ளும் இந்த எழுத்திலும் அவன்தான்.

கோயம்புத்தூர் தீர்ப்பாயத்தில் நேர்மானி என்று ஒரு இயந்திரம் இருந்தது. வாதியும் பிரதிவாதியும் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு உலோகத் தட்டில் உள்ளங்கையை வைப்பார்கள். நீதிபதி இருவரையும் ஒரே கேள்வி கேட்பார். யார் பொய் சொல்கிறாரோ அவர் பக்கம் ஊசி சாயும். அந்த இயந்திரத்தைச் சரிபார்த்து, ஆட்களின் கையைத் துடைத்து, பசை தடவித் தயார் செய்யும் டெக்னீஷியன் நான். பெயர் சங்கவி. சென்னியப்பனுக்கு அந்தப் பெயர் தெரியாது. நான் பூபதியின் தங்கை என்பதும் தெரியாது.

ஸ்பிரிட் காய்ந்ததும் அடுத்து தடவ வேண்டியது மின்சாரம் கடத்தும் பசை. அதற்கு முன்னால், சட்டைப் பையிலிருந்த சின்னக் குப்பியை எடுத்து அதில் இருந்ததை அவன் உள்ளங்கை முழுக்க மெல்லிசாகத் தடவினேன். பேன்சி கடையில் வாங்கிய நிறமில்லாத நகப்பூச்சு. ஒரு நிமிடத்தில் காய்ந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும். மேலே பசையைத் தடவிவிட்டால் யார் பார்த்தாலும் தெரியாது. என்னை மாதிரி ஆட்களுக்கு மட்டும் தெரியும், அந்தக் கை இனி என்ன உண்மை சொன்னாலும் எடுபடாது என்று.

பூபதி என் அண்ணன். கணபதியில் ஒரு ஃபவுண்டரியில் உலை ஓட்டினான். சென்னியப்பன் அங்கே மேனேஜர். ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. வெளியே குவித்திருந்த ஸ்கிராப் இரும்பெல்லாம் நனைந்து கிடந்தது. ஈர இரும்பை உருகிய இரும்புக்குள் போட்டால் தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி வெடிக்கும். ஃபவுண்டரிக்கு டீ கொண்டுபோய்க் கொடுப்பவருக்குக்கூட இது தெரியும். காய வைத்துத்தான் போடுவார்கள். அன்றைக்குக் காய வைக்கவில்லை. வெடித்தது. உலைப்பக்கம் நின்ற மூன்று பேர் இறந்துபோனார்கள். ஸ்கிராப்பை உலைக்குள் இறக்கும் சுவிட்சைப் போட போர்டு பக்கம் போயிருந்த அண்ணன் முதுகு வெந்து பிழைத்தான்.

"நான் போடாதேன்னுதான் சொன்னேன். அவன்தான் அவசரப்பட்டுப் போட்டுட்டான்" என்றான் சென்னியப்பன்.

"வேண்டாங்கன்னு நான் சொன்னேன். ஆர்டர் நிக்குது, போடுடான்னு சொன்னது அவருதானுங்க" என்றான் அண்ணன்.

எல்லாம் வாய் வார்த்தை. கேட்டிருந்த மூன்று பேரும் உயிரோடு இல்லை. அந்த வருடம்தான் நேர்மானி வந்திருந்தது. சாட்சி வேண்டாம், வாய்தா வேண்டாம், அரை மணி நேரத்தில் தீர்ப்பு. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். உண்மை நம் பக்கம் இருக்கிறது, மெஷினாச்சே, ஆள் பார்த்துப் பேசாது என்று கோகிலா அண்ணி விளக்கு வைத்துக் கும்பிட்டாள்.

ஊசி அண்ணன் பக்கம் சாய்ந்தது. மூன்று முறை கேட்டார்கள், மூன்று முறையும் அவன் பக்கமே சாய்ந்தது. அவன் நீதிபதியைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். சிறைக்குப் போன இரண்டாம் வருடம் மஞ்சள் காமாலையில் செத்துப்போனான். மூன்று பேரைக் கொன்றவன் என்று எழவுக்குக்கூட நிறையப் பேர் வரவில்லை.

நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்திருந்தேன். அந்த இயந்திரத்தைப் பராமரிக்கும் ஆய்வகத்தில் வேலைக்கு விண்ணப்பித்தேன். எதற்கு இந்த வேலை என்று கேட்டார்கள். உண்மை மேல் ஆசை என்றேன். பெண் நன்றாகப் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆய்வகத்தின் தலைவர் தேவசகாயம் சார், நாகர்கோவில்காரர். நல்ல மனிதர். எதையும் பொறுமையாகச் சொல்லித் தருவார். முதல் வாரமே இயந்திரத்தின் மூடியைக் கழற்றிக் காட்டினார்.

"இதுல மந்திரம் ஒண்ணும் கிடையாது பிள்ள. கோர்ட்டுல வந்து உக்காந்தா யாருக்கும் பயம் வரும். உண்மை சொல்லுதவனுக்கும் வரும், பொய் சொல்லுதவனுக்கும் வரும். அது போக ஃபேன் சத்தம், கரண்டு ரீங்காரம், ஜட்ஜு இருமினா வார திடுக்கு. எல்லாம் ரெண்டு கையிலயும் ஒண்ணு போலத்தான் வரும். மெஷின் என்ன செய்யும்? ஒரு கையிலேருந்து மத்த கையக் கழிச்சிரும். பொதுவா உள்ளதெல்லாம் அடிபட்டுப் போவும். மிச்சம் நிக்கது பாரு, அதுதான் நமக்கு வேணும்."

"மிச்சம் நிக்கறது பொய்னு எப்படிங்க சார் கண்டுபிடிக்கும்?"

"பொய் சொல்லும்போ உடம்பு தன் நடுக்கத்தை அமுக்கப் பாக்கும். அமுக்கினா அலையோட தலை மழுங்கும். தலை மழுங்கின அலையில ரெண்டு மடங்கு, மூணு மடங்குன்னு குட்டி அலையெல்லாம் வந்து ஒட்டிக்கிடும். நாங்க திரிபுன்னு சொல்லுவோம். எந்தப் பக்கம் திரிபு கூடுதலோ அந்தப் பக்கம் ஊசி சாயும். அவ்வளவுதான்."

கேட்க அழகாகத்தான் இருந்தது. எங்கே தப்பு என்று ஆறு வருடம் தேடினேன். சுற்றுகளை ஒவ்வொன்றாக அளந்தேன். எல்லாம் சுத்தம். இரண்டு பாதியும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி பொருந்தியிருந்தன. ஒரு கட்டத்தில் எனக்கே பயம் வந்துவிட்டது. அண்ணன்தான் பொய் சொன்னானோ என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நினைத்துவிட்டேன். அந்த ஒரு நாளுக்காகவும் சென்னியப்பனை நான் மன்னிக்கவில்லை.

கடைசியில் குக்கர்தான் காட்டிக்கொடுத்தது.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு பழக்கம் உண்டு. காலையில் வந்ததும் டெக்னீஷியன் தன் இரண்டு கைகளையும் இரண்டு தட்டிலும் வைக்க வேண்டும். வணக்கம் வைக்கிறது என்போம். ஒரே ஆளின் இரண்டு கை, அதனால் கழித்தால் ஒன்றுமே மிஞ்சக் கூடாது. ஊசி நடுவில் நின்றால் இயந்திரம் சரி என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிடுவோம். தமிழ்நாடு முழுக்க எல்லா நேர்மானிக்கும் தினமும் இப்படித்தான் பரிசோதனை. இன்னொரு ஆளைக் கூப்பிட்டு உட்கார வைக்கும் சிரமம் இல்லை பாருங்கள்.

முந்தின வாரம் குக்கர் மூடியைப் பிடித்து என் இடது உள்ளங்கை வெந்து, பொருக்குத் தட்டி, தடித்துப் போயிருந்தது. அதோடு வணக்கம் வைத்தேன். பின்னால் யாரோ ஸ்டூலைக் கீழே தள்ள, திடுக்கிட்டேன். ஊசி படாரென்று இடது பக்கம் சாய்ந்தது. என் இடது கை பொய் சொல்கிறது, வலது கை உண்மை பேசுகிறது என்றது இயந்திரம்.

தட்டிலிருந்து இடது கையை எடுத்துப் பார்த்தேன். அண்ணனின் கை ஞாபகம் வந்தது. இடுக்கி பிடித்து, மண் குழைத்துக் காய்த்துப்போன கை. சின்ன வயதில் கன்னத்தைக் கிள்ளினால் கீறும், நான் கத்துவேன்.

தேவசகாயம் சாரிடம் ஓடினேன்.

"கழிக்கணும்னா ரெண்டு பக்கமும் ஒரே அளவா வந்து சேரணுமில்லீங்களா சார்? பத்துல பத்தைக் கழிச்சா ஒண்ணுமில்லை. காய்ப்பு விழுந்த கையில தோலு தடிமன். அந்தப் பக்கம் பத்துக்கு ஆறுதான் வருது. கழிச்சா நாலு மிஞ்சுது. அந்த நாலு வெறும் பயமுங்க சார், ரெண்டு பேருக்கும் இருந்த அதே பயம். அது பெருசா உள்ள போயி தலை மழுங்கி நிக்குது. மெஷினு அதைத் திரிபுங்குது, குறைச்சலா வந்த பக்கத்துக் கணக்குல எழுதிருது, தோலு தடிச்சவனைப் பொய்யன்ங்குது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அந்தக் கதவைச் சாத்தியதிலேயே எனக்கும் புரிந்துவிட்டது.

"இதுவரைக்கும் எத்தனை பேரு இந்த மெஷினால உள்ள போயிருக்கான், தெரியுமா?"

"இருநூத்திப் பதிமூணு பேருங்க. கணக்கெடுத்தேன். அதுல நூத்தித் தொண்ணூறு பேரு கைவேலை செய்யறவங்க. லோடு தூக்கறவங்க, தறி ஓட்டறவங்க, பாறை உடைக்கறவங்க."

"எழுதிக் குடு. மேல அனுப்புதேன்."

எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். "ஆய்வு தேவையில்லை, தினசரிப் பரிசோதனையில் இயந்திரம் தேறியுள்ளது" என்று ஒரு வரி வந்தது. மூன்றாவது தடவை எழுதியதற்கு என்னை ஊட்டிக்கு மாற்றப் பார்த்தார்கள். சார் சொல்லித் தடுத்தார். "விட்டிரு பிள்ள. பாவப்பட்டவன் கையைப் பத்தி யாரு கவலைப்படுதா?" என்றார். அவரும் விட்டுவிட்டார். நல்ல மனிதர்தான், நல்ல மனிதர்கள் செய்வதைத்தான் செய்தார்.

இரண்டு வருடம் கழித்து வழக்குப் பட்டியலில் சென்னியப்பனின் பெயர் வந்தது. அப்போது அவன் சொந்தமாக மோட்டார் பம்ப் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தான். நீலாம்பூர் பக்கம் அவன் கார் ஒரு பால்காரரை அடித்துக் கொன்றுவிட்டது. வண்டியை ஓட்டியது முதலாளி என்றான் டிரைவர் குப்புராஜ். குப்புராஜ்தான் ஓட்டினான் என்றான் சென்னியப்பன். யார் சொல்வது உண்மை என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பவும் இல்லை. ஊருக்கு நல்லது செய்ய வேண்டும், இயந்திரத்தின் குறையை வெளியே கொண்டுவர வேண்டும் என்ற எண்ணமெல்லாம் துளியும் இல்லை. அவன் பொய்யன் என்று அதே இயந்திரம் சொல்ல வேண்டும், அதை அவன் காதால் கேட்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

குப்புராஜின் கையை வெந்நீரில் ஊற வைத்து, துடைத்து, பசையைத் தாராளமாகத் தடவினேன். சென்னியப்பனுக்கு நகப்பூச்சு. நீதிபதி கேட்டார், "அன்று காரை ஓட்டியது யார்?" இருவரும் பதில் சொன்னார்கள். ஊசி சென்னியப்பன் பக்கம் சாய்ந்தது.

"இல்லீங்க! நான் சொல்றது சத்தியமுங்க! இன்னொருக்கா கேளுங்க!"

இன்னொருக்கா கேட்டார்கள். பயம் கூடிப்போயிருந்தது அவனுக்கு, ஊசி இன்னும் நன்றாகச் சாய்ந்தது. அவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எனக்கு உடம்பெல்லாம் இனித்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவன் உள்ளங்கையைத் துடைத்துவிடுவதும் என் வேலைதான். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்து ரொம்ப மரியாதையாகத் துடைத்துவிட்டேன். ஏழு வருடம் போட்டார்கள். வீட்டுக்குப் போய் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

அந்த இனிப்பு ஐம்பத்து மூன்று நாள் நீடித்தது.

சென்னியப்பனின் மகன் டெல்லியிலிருந்து வக்கீல்களைக் கொண்டுவந்தான். வழியில் இருந்த ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினார்கள். ஒரு டயர் கடைக் கேமராவில் குப்புராஜ் காரை ஓட்டிப் போவது பளிச்சென்று பதிவாகியிருந்தது. அப்படியானால் சென்னியப்பன் சொன்னது உண்மை. குப்புராஜைத் தேடிப் போனபோது அவன் ஊரில் இல்லை. ஐம்பத்து மூன்று நாள் அவனுக்கு நான் கொடுத்த விடுமுறை. பால்காரரின் மனைவி டிவியில் அழுததைப் பார்த்த அன்றைக்கு மட்டும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உயர் நீதிமன்றம் நிபுணர் குழு போட்டது. குழு சென்னியப்பனின் கையைப் பார்த்தது. அவனுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை வியாதி. சர்க்கரைக்காரர்களின் தோல் வறண்டு போகும், வறண்ட தோலில் இயந்திரம் ஏமாந்துவிட்டது என்று நாற்பது பக்கம் அறிக்கை எழுதினார்கள். காய்ப்பு விழுந்த கையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. ஒருவர் விஷயத்தில் தவறிய இயந்திரத்தை யார் விஷயத்திலும் நம்ப முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. நேர்மானி கொடுத்த தண்டனைகள் அத்தனையும் ரத்து. செத்துப்போனவர்களின் தண்டனையும்தான். இயந்திரங்களையெல்லாம் உடைத்து எடைக்குப் போட்டார்கள்.

நூற்றுத் தொண்ணூறு ஏழைகள் வருடக்கணக்கில் கத்தியதற்கு அசையாத அரசாங்கம், ஒரு பணக்காரன் ஐம்பத்து மூன்று நாள் கம்பி எண்ணியதும் அசைந்துவிட்டது. அந்தத் தீர்ப்புக்குச் சென்னியப்பன் தீர்ப்பு என்றே பெயர் வந்துவிட்டது.

பீளமேட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவனுக்குப் பாராட்டு விழா. விடுதலையானவர்களும் அவர்கள் குடும்பமும் மண்டபம் கொள்ளாமல் வந்திருந்தார்கள். மாலைமேல் மாலையாகப் போட்டு அவன் கழுத்தே தெரியவில்லை. கோகிலா அண்ணி மேடை ஏறினாள்.

"எங்கூட்டுக்காரரு கொலைகாரரு இல்லீன்னு இன்னைக்கு ஊருக்கே தெரிஞ்சுதுங்க. எல்லாம் உங்களாலதானுங்கய்யா" என்று அவன் காலில் விழுந்தாள். அவன் பதறி அவளைத் தூக்கிவிட்டான். நன்றாகத்தான் பதறினான்.

பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் நான் தனியாக நின்றபோது அவன் வந்தான். அவன் என்னைப் பார்த்து வருவது தெரிந்ததும், எதற்கும் இருக்கட்டும் என்று போனில் ரெக்கார்டரைப் போட்டுப் பையில் வைத்துக்கொண்டேன்.

"பூபதியோட தங்கச்சியா நீயி? கோகிலா சொல்லுச்சு."

"ஆமாங்க."

"அன்னைக்கு எங்கையில ஒண்ணு தடவுன பாரு. அந்த வாசத்தை நான் மறக்கலை. எம்பொண்ணு நகத்துக்குப் போடுவா, அதே வாசம். ஜெயில்ல உக்காந்து யோசிச்சு யோசிச்சுக் கண்டுபிடிச்சேன்."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன்.

"சொல்ல வேண்டியதுதானுங்களே, போலீசுல?"

"சொன்னா? மெஷினு மேல தப்பில்லை, பொம்பளை ஒருத்தி பண்ண வேலைன்னு ஆயிரும். கவர்மெண்டு அதுக்குத்தான் காத்துட்டு இருக்குது. அந்த மண்டபத்துல சிரிச்சுட்டு உக்காந்திருக்கறவங்க அத்தனை பேரும் திரும்ப உள்ள போகோணும். உங்கண்ணன் திரும்பக் கொலைகாரன். நீயும் சொல்ல மாட்டே, நானும் சொல்ல மாட்டேன்."

அவன் சொன்னது சரி. தீர்ப்பு முழுக்க அவனுடைய ஒரே ஒரு உள்ளங்கையின் மேல்தான் நின்றது. காய்ப்புக் கதையை நிரூபிக்க ஒரு இயந்திரம்கூட மிச்சமில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேனுங்க. ஈர ஸ்கிராப்பைப் போடச் சொன்னது யாருங்க?"

தோளில் ஒட்டியிருந்த மாலைப் பூவைத் தட்டிவிட்டான். "நான்தான். அவன் வேண்டாங்கன்னு ரெண்டு தடவை சொன்னான். நான்தான் போடுடான்னேன். மெஷின்ல உக்காரும்போது மாட்டிக்குவேன்னுதான் நெனச்சேன் அம்மணி. பயத்துல உசுரே போயிருச்சு. ஊசி அவன் பக்கம் போச்சு. சாமிதான் காப்பாத்துச்சுன்னு பழனிக்குப் போயி மொட்டை போட்டுட்டு வந்தேன். கார் கேஸ்ல ஒரு வார்த்தை நான் பொய் சொல்லலை, அதுக்கு மாட்டிக்கிட்டேன். உங்கிட்டச் சொன்னதும் மனசு லேசாயிருச்சு, போ."

அவனுக்கு மனசு லேசாகிவிட்டதாம். அண்ணிக்குத் தன் கம்பெனியில் வேலை கொடுப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாளே திருப்பூரில் தெரியாத ஒரு வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். ஒரு தோழியின் கதை என்று சொல்லி எல்லாவற்றையும் கேட்டேன்.

"ரெக்கார்டிங்ல அந்த அம்மா பண்ணின தில்லுமுல்லும் இருக்கு, அவரோட வாக்குமூலமும் இருக்குங்களா?"

"ரெண்டும் சேர்ந்துதானுங்க இருக்குது. முதல் பாதியை வெட்டிட்டுப் பின்பாதியை மட்டும் கொடுத்தா?"

"வெட்டின ரெக்கார்டிங்கைக் கோர்ட் தொடவே தொடாது. முழுசாத்தான் கொடுக்கணும். இப்பக் கொடுத்தா கவர்மெண்ட் மறு ஆய்வு போட்டு அத்தனை விடுதலையையும் ஒடச்சிரும். தீர்ப்பு வந்து மூணு வருஷம் முடிஞ்சிட்டா அவங்க மறு ஆய்வு போட முடியாது. விடுதலை நிரந்தரம். அதுக்கப்புறம் உங்க தோழி தாராளமாக் கொடுக்கலாம். ஃபவுண்டரி கேஸ்ல அவரு மேல இதுவரைக்கும் வழக்கே போடலை, புதுசாப் போடலாம். ஆனா உங்க தோழியும் உள்ள போவாங்க."

"போகட்டுங்க. அவளுக்கு அதைப் பத்திக் கவலையில்லை."

"இன்னொண்ணு. அதுவரைக்கும் அந்த ஆள் உயிரோட இருக்கணும். செத்தவங்க மேல கேஸ் போட முடியாது."

ரெக்கார்டிங்கை மூன்று இடத்தில் பத்திரப்படுத்தினேன். இதையும் எழுதி முடித்ததும் உறையிலிட்டு ஒட்டி, மேலே திறக்க வேண்டிய தேதியைப் போட்டுவிடுவேன்.

அன்றிலிருந்து சென்னியப்பனின் உடம்பை என்னைவிட அக்கறையாகக் கவனித்தவர்கள் யாரும் இல்லை. அண்ணி அவன் கம்பெனியில் வேலைக்குப் போனாள். தினமும் சாயங்காலம் அவளிடம் கேட்பேன்.

"சர்க்கரை எவ்வளவுங்க அண்ணி அவருக்கு?"

"இருநூறுக்கு மேல போயிருச்சாம். விருந்துல ஜிலேபி தின்னிருக்காரு."

"ஏன் விட்டீங்க? நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?" என்று கத்திவிட்டேன். நடைப்பயிற்சிக்கு நல்ல செருப்பு வாங்கி அண்ணியிடம் கொடுத்தனுப்பினேன். மருதமலைக்குப் படியேறிப் போய் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். நட்சத்திரம்கூடக் கேட்டுத் தெரிந்து வைத்திருக்கிறேன், கேட்டை. ஆயுள் நீடிக்க வேண்டும் என்று நான் மனமுருகி வேண்டிக்கொண்ட முதல் ஆள் அவன்தான். அண்ணனுக்காகக்கூட இப்படி வேண்டியதில்லை, அவன் அவ்வளவு சீக்கிரம் போவான் என்று யாருக்குத் தெரியும்?

"உனக்கு நல்ல மனசு கண்ணு" என்பாள் அண்ணி. "அவரை உங்கப்பாவாட்டப் பாத்துக்கறே."

தீர்ப்பு வந்து இரண்டு வருடம் ஒரு மாதம் ஆனபோது, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அண்ணி போன் செய்தாள். ஆபீசில் சென்னியப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டான். மகன் ஜெர்மனியில். மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன், படுக்கையில் இருந்தாள். ஆட்டோவில் போகிற வழியெல்லாம் நான் அழுதேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "ஒண்ணும் ஆகாதுங்க, தைரியமா இருங்க" என்றார்.

அவசர சிகிச்சை அறைக்கு வெளியே அண்ணி சுவரோரம் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவன் மூக்கில் குழாய், மார்பில் ஒயர்கள். திரையில் பச்சைக் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நின்றுவிடாதே, நின்றுவிடாதே என்று அதைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே நின்றேன். இவ்வளவு சுலபமாக நீ போய்விடக் கூடாது. வீட்டார் சுற்றி நின்று அழ, பேப்பரில் முழுப் பக்கம் இரங்கல் விளம்பரம் வர, நல்லவனாக நீ சாகக் கூடாது.

உடனே ஆபரேஷன், இரத்தம் வேண்டும் என்றார்கள். என் வகையும் அவன் வகையும் ஒன்று. கொடுத்தேன்.

நாலு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். நடு வயசுக்காரர், களைத்திருந்தார். நான்தான் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன்.

"நீங்க மகளாம்மா?"

"இல்லீங்க. தெரிஞ்சவங்க. எப்படிங்க இருக்காரு?"

"பொழச்சுக்கிட்டார். சரியான நேரத்துல ரத்தம் கிடைச்சுது."

"இன்னும் பதினோரு மாசம் இருப்பாருங்களா டாக்டர்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு என் அழுத முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டுத் தோளில் தட்டினார். "பதினோரு மாசம் என்னம்மா கணக்கு? சொன்னபடி மாத்திரை சாப்பிட்டா இன்னும் பத்து வருஷம் நல்லா இருப்பார்."

மூன்று பேர் செத்த அந்த வழக்குக்குச் சட்டத்தில் இருக்கும் தண்டனையும் பத்து வருஷம்தான்.

"ரொம்ப சந்தோஷங்க டாக்டர்" என்றேன். அவர் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிறகு உள்ளே போய், அவன் எந்தெந்த மாத்திரையை எந்தெந்த நேரத்தில் சாப்பிட வேண்டும் என்று நர்ஸிடம் கேட்டு, ஒன்று விடாமல் எழுதிக்கொண்டேன்.